பறவை விருந்துக்கு வண்டி நிறுத்த இடம்

வியாழக்கிழமை காலைச் சவாரி முடிந்து பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு, தொலைநோக்கியும் அதன் முக்காலியுமாக லோர்னா பெக்வித் தன் காரில் பண்ணைக்காரர் எல்வின் கோபர்னின் புல்வெளிக்குப் புறப்பட்டாள். எங்கள் ஊர் நிலக் காப்பு அறக்கட்டளையின் சனிக்கிழமை விருந்துக்கு வருகிறவர்களைச் சாலையோரத்தில் எந்த இடத்தில் நிற்கவைத்தால் பறவைகள் நன்றாகத் தெரியும் என்று பார்த்துவைக்க வேண்டியிருந்தது. வளைவு திரும்பும் முன்பே டிராக்டர் சத்தம் கேட்டது. பக்கத்துப் பண்ணையாக இருக்கும் என்று நினைத்தாள். திரும்பிய பிறகு அப்படி நினைக்க வழியில்லாமல் போயிற்று.

புல்வெளியின் கீழ்ப்பக்கம், வேலியை ஒட்டி, ஒரு நீளப் பட்டை முழுக்கப் புல் அறுபட்டுக் கிடந்தது. டிராக்டர் அடுத்த பட்டைக்காகத் திரும்பிக்கொண்டிருந்தது. லோர்னா திறந்திருந்த வாயில் வழியாகக் காரை உள்ளே விட்டு, அறுபட்ட பட்டையின் மேலேயே ஓட்டி, டிராக்டருக்கு நேர் எதிரே நிறுத்திவிட்டு இறங்கினாள்.

ரிக்கி லபாண்ட் இயந்திரத்தை அணைத்தான். கூலிக்குப் புல் அறுப்பதும் குளிர்காலத்தில் பனி வழிப்பதும் அவன் தொழில்.

"ஏம்மா லோர்னா, சாகறதுக்கு வேற எடமே கெடைக்கலையா உனக்கு?"

"யாருடா உன்னை இங்க அறுக்கச் சொன்னது?"

"உங்க ஆளுங்கதான். மலை மேல பெரிய வீடு இருக்கே, அந்தம்மா. சனிக்கிழமை விருந்தாமே. காரு நிறுத்தவும் பந்தல் போடவும் எடம் வேணும்னாங்க."

"இங்கயா நிறுத்தச் சொன்னாங்க?"

"ரிப்பனுக்கு உள்ள அறுத்தாப் போதும்னாங்க. வந்து பார்த்தா சுத்திவரக் குச்சி நட்டு, ரிப்பன் கட்டி, அளவு எடுத்த மாதிரி வெச்சிருக்கு. இப்படி எடத்தைக் குறிச்சுக் குடுத்து வேலை வாங்கறவங்க இந்த ஊர்ல யாரு இருக்கா சொல்லு."

அந்த ரிப்பனைக் கட்டியவள் லோர்னா. மே மாதக் குளிரில், கையுறை போட்டால் முடிச்சுப் போட வராது என்று வெறுங்கையோடு கட்டியது. பாபோலிங்க் பறவைகள் கூடு கட்டும் இடம் இதற்குள் இருக்கிறது, யாரும் கால் வைக்கக் கூடாது என்பதற்காகக் கட்டியது.

இந்தப் பாபோலிங்க் அர்ஜென்டினாவிலிருந்து அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் எங்கள் வெர்மாண்ட் மாநிலம் வரைக்கும் பறந்து வந்து, மரம் செடி எதிலும் ஏறாமல், தரையில் புல்லுக்கு நடுவே முட்டை இடுகிற பறவை. ஜூன் மாதம் குஞ்சு தரையில் இருக்கும். எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர்கள் முதல் புல் அறுப்பு அறுப்பதும் ஜூன் மாதம்தான். பூ விரியும் முன் அறுத்த புல்தான் மாட்டுக்குச் சத்து. தாமதித்தால் அது தொழுவத்தில் மாட்டுக்கு அடியில் பரப்பத்தான் லாயக்கு என்பார்கள். இந்தக் கணக்கில் ஒன்று மாட்டுக்கு நஷ்டம், இல்லையென்றால் குஞ்சுக்கு. எங்கள் நிலக் காப்பு அறக்கட்டளை நன்கொடை வசூலித்து, அறுப்பைத் தள்ளிப்போடுகிற பண்ணைக்காரருக்கு நஷ்டத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. அதையும் வேண்டாம் என்று எல்வின் கோபர்ன் இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். லோர்னா அவரோடு பள்ளியில் படித்தவள். பேருந்தை நிறுத்திவிட்டுப் போகிற வழியில் அவருடைய தொழுவத்தில் நின்று நின்று பேசி, மூன்றாம் வருஷம் சம்மதிக்கவைத்தாள். அதோடு விடாமல், இந்தப் புல்வெளியில் இனி எந்தக் காலத்திலும் வீடு கட்டுவதில்லை, கூறு போட்டு விற்பதில்லை என்று அறக்கட்டளையோடு ஒப்பந்தம் போடுகிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். விடுமுறை வீடுகள் கட்டுகிற ஒருவன் அதே நிலத்துக்கு நல்ல விலை பேசிக்கொண்டிருந்தான். எல்வின் சனிக்கிழமை விருந்தில் அறக்கட்டளையின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

விருந்து வழக்கமாக ஆகஸ்டில் நடக்கும். இந்த வருஷம் நிகழ்ச்சிக் கமிட்டி அதை ஜூனுக்கு மாற்றியது. ஆகஸ்டில் பறவைகள் போய்விடுகின்றன, நன்கொடை கொடுக்கிறவர்கள் எதற்குக் கொடுக்கிறோம் என்று கண்ணால் பார்க்க வேண்டாமா என்பது காரணம். நல்ல காரணம்தான். அங்கிருந்துதான் எல்லாம் கெட்டது.

"நீ இதுக்கு மேல ஒரு அடி நகராதே," என்றாள் லோர்னா.

"எனக்குக் காசு முன்னாடியே வந்தாச்சு. நகரச் சொன்னாலும் சரி, நிக்கச் சொன்னாலும் சரி." ரிக்கி இருக்கையில் சாய்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தான். "ஆனா உங்க ஆளுங்க எல்லாரும் ஒரே பேச்சாப் பேசுங்கம்மா. போன வருஷம் ஏரிக்கரையில முள்ளுச்செடிய வெட்டச் சொன்னீங்க. வெட்டின அப்புறம் ஏன் வெட்டினேன்னு ஒரு அம்மா அழுதாங்க."

அந்த நிலத்தில் கைபேசி எடுக்கிற ஒரே இடம் மேட்டு மேப்பிள் மரத்தடி. லோர்னா அங்கே ஏறிப்போய் நிகழ்ச்சிக் கமிட்டித் தலைவி ஜோசலின் ஆஷ்பியை அழைத்தாள். ஜோசலின் கோடைக்கு மட்டும் பாஸ்டனிலிருந்து வருகிறவள். அறக்கட்டளைக்கு அவள் அளவுக்குப் பணம் திரட்டியவர்கள் யாரும் இல்லை.

"அந்த ரிப்பன் நீங்க கட்டினதா, லோர்னா கண்ணு? நான் எங்க கமிட்டியில யாரோ கட்டினாங்கன்னு நெனச்சேன். ரொம்ப உதவியா இருந்துச்சு."

"ஜோசலின், அதுக்குள்ளதான் கூடு இருக்கு. யாரும் போகக் கூடாதுன்னு கட்டினது."

"எந்தெந்த எடத்துல கூடுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டிக் கொடி நட்டுட்டா, ரிக்கி சுத்திப் போயிட மாட்டாரா?"

"கூட்டைத் தேடிப் போனாலே மிதிச்சுருவோம். அது கண்ணுல படாம இருக்கத்தான் அங்க கட்டுது."

"அப்ப அத்தனை காரையும் நான் தலை மேலயா நிறுத்தறது? ரோட்டோரம் நிறுத்தினா கான்ஸ்டபிள் அபராதச் சீட்டு எழுதுவாரு."

"நான்தான் சொன்னேனே. மாதா கோயில் வாசல்ல காரை விடுங்க, நான் பள்ளிக்கூட பஸ்ஸுல ஏத்திக்கிட்டு வரேன்னு."

"அது போன மாசமே பேசி முடிச்சாச்சு. மிஸ்டர் ஓகில்வி முழங்கால வெச்சுக்கிட்டு ஸ்கூல் பஸ் படி ஏறுவாரா? அவர் குடுக்கற தொகை என்னன்னு உங்களுக்குத் தெரியும்." அவள் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "நான் இந்த விருந்துக்கு ஜனவரியிலேருந்து உழைக்கறேன். இதெல்லாமே அந்தப் பறவைக்குத்தானே, லோர்னா!"

"ஆமா. நானும் அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

அடுத்து அறக்கட்டளைத் தலைவர் வின்ஸ்லோ டட்டன். ஓய்வு பெற்ற வழக்கறிஞர். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பெருமூச்சு விட்டார். பிறகு, "நிறுத்தணும்னு எனக்கும் தோணுது. ஆனா கமிட்டி எடுத்த முடிவைத் தலைவர் தனியா மாத்த முடியாது. யாராவது தீர்மானம் கொண்டுவரணும்," என்றார்.

"வின்ஸ்லோ, டிராக்டர் நடுப் புல்லுல நிக்குது."

"அப்ப அவசரக் கூட்டம். மத்தியானம் நூலகத்துல. நீங்க முன்மொழியறீங்கன்னு எழுதிக்கட்டுமா?"

லோர்னா மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது, அறுபட்ட பட்டையின் மேல் ஒரு பெண் பறவை பறந்துகொண்டிருந்தது. ஆண் பறவைக்கு உடம்பு கறுப்பு, முதுகில் வெள்ளை, பின்னந்தலையில் வைக்கோல் நிறத்தில் ஒரு தொப்பி, தூரத்திலேயே தெரிந்துவிடும். பெண் பறவை காய்ந்த புல்லின் நிறம். அதன் அலகில் ஒரு பச்சைப் புழு இருந்தது. அறுபட்ட புல்லில் ஓரிடத்தில் இறங்கியது. சற்று நின்றது. எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே இடத்தில் இறங்கியது. புழு அலகிலேயே இருந்தது.

ரிக்கியும் பார்த்தான். ரொட்டியை மடித்துப் பொட்டலத்தில் வைத்தான்.

"நான் வண்டியை எடுத்துட்டுக் கெளம்பறேம்மா," என்றான். "கேட்டா டீசல் தீந்துபோச்சுன்னு சொல்லிக்கறேன்."

மத்தியானக் கூட்டத்தில் எங்கள் ஊரின் மிக நல்ல மனிதர்கள் எல்லாரும் இருந்தார்கள். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. வார இறுதிகளில் சேற்றில் இறங்கி நடைபாதைக்குப் பலகை போடுகிறவர்கள், ஓய்வூதியத்தில் ஒரு பங்கை மாதாமாதம் அனுப்புகிறவர்கள், அஞ்சல் உறைகளை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டியே வாய் வறண்டவர்கள். இவர்களில் ஒருவரைக்கூட வெறுக்க முடியாது என்பதுதான் லோர்னாவுக்கு எப்போதும் தலைவலி.

அறுப்பை நிறுத்துவது என்று லோர்னா முன்மொழிந்தாள். வழிமொழியும் முன்பே ஒரு திருத்தம் வந்தது: "நிறுத்துவது" என்பதற்குப் பதிலாக "தற்காலிகமாக நிறுத்துவது". அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. ஓய்வு பெற்ற பல் மருத்துவர் ஒருவர், பறவைகளை வேறு வெளிக்கு மெதுவாக விரட்டிவிட முடியாதா என்று கேட்டார். குஞ்சுக்கு இன்னும் பறக்கத் தெரியாது என்று லோர்னா சொன்னதும் மிகவும் வருத்தப்பட்டு, "ச்சச்ச" என்றார். பந்தல்காரருக்கு யார் சொல்வது, உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவருவதாக எழுதிக்கொடுத்தவர்களுக்கு இடம் மாறியதை யார் சொல்வது என்று ஒரு சுற்றுப் பேச்சு ஓடியது. கடைசியில் தீர்மானம் நிறைவேறியது. அறுப்பு இல்லை. பந்தல் எல்வின் வீட்டு முற்றத்துக்குப் போகும், அவர் சம்மதித்தால். கார்கள் எங்கே போகும் என்பது யாருக்கும் தெரியவில்லை.

"இப்ப எல்வின்கிட்ட என்ன சொல்றது?" என்று வின்ஸ்லோ கேட்டார்.

"எதுவும் சொல்ல வேணாமே," என்றாள் ஜோசலின். "ஒரே ஒரு பட்டைதானே. சனிக்கிழமை கையெழுத்து முடியட்டும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் நம்ம பேனரை நீளமாக் கட்டிட்டா மறைஞ்சுரும்."

அந்தப் பேனரில் பாபோலிங்க் படம் போட்டிருந்தது. அறையில் இரண்டு மூன்று தலைகள் ஆடின. ஆடியவர்கள் கெட்டவர்கள் அல்லர். கையெழுத்து வராவிட்டால் புல்வெளி முழுக்கவும் விடுமுறை வீடுகளுக்குப் போய்விடும். ஒரு பட்டையை மறைத்து மீதியைக் காப்பாற்றலாம் என்பது அவர்கள் கணக்கு. லோர்னாவுக்கும் அந்தக் கணக்கு புரிந்தது. மூன்று வருஷம் தொழுவத்தில் நின்று பேசியவள் அவள்தான். அறையில் இருந்த எல்லாரையும்விட அந்தக் கையெழுத்து அவளுக்குத்தான் வேண்டியிருந்தது.

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன்," என்று எழுந்தாள்.

"இதுக்குத் தீர்மானம்—" என்று வின்ஸ்லோ ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினார்.

எல்வின் மாலைக் கறவைக்குக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன லோர்னா, இந்த வருஷம் எனக்கு முன்னாடியே நீங்க அறுப்பை ஆரம்பிச்சிட்டீங்க போல."

"பார்த்துட்டியா."

"என் சமையல்கட்டு ஜன்னல் அந்தப் பக்கம்தானே. காபி குடிச்சுக்கிட்டே பார்த்தேன்."

"பார்த்துட்டு சும்மாவா நின்னே? ஓடிப்போய் நிறுத்தறதுக்கென்ன?"

"நானா?" எல்வின் குழாயை உதறினார். "மூணு வருஷமா அறுக்காதே, அறுக்காதேன்னு எனக்குப் பாடம் எடுத்தது நீங்க. நீங்களே ஆளை விட்டு அறுக்கறீங்கன்னா அதுல ஏதோ புதுசாக் கண்டுபிடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். எனக்கென்ன தெரியும்? நான் மாடு மேய்க்கறவன்."

"நக்கலா? உனக்குத் தெரியும் எல்வின். நல்லாத் தெரியும். ஒரு குரல் குடுத்திருந்தா அந்தப் பட்டைகூடப் போயிருக்காது."

அவர் அடுத்த குழாயை எடுத்தார். லோர்னாவுக்குக் காலையிலிருந்து சேர்த்துவைத்த எரிச்சல் முழுவதும் இப்போது இந்த மனிதர் மேல் திரும்பியது. கமிட்டிக்காரர்களுக்காவது தெரியாமல் நடந்தது. இவர் காபிக் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார், எதிராளி தவறு செய்வதை முழுதாகப் பார்த்துவிடும் ஆசையில்.

"ஒரு கூடு போச்சு," என்றாள். "ஒண்ணுதானான்னு தெரியாது. தாய் புழுவைக் கவ்விக்கிட்டு அறுத்த எடத்துலயே எறங்கி எறங்கி ஏறுது. நான் கெளம்பற வரைக்கும் அந்தப் புழுவைக் கீழ போடலை."

எல்வின் தண்ணீரை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு தொழுவ வாசல் வரை போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் புல்வெளியின் மேல்பாதி மட்டும்தான் தெரியும்.

"அந்த வீடு கட்டறவன் நேத்தும் போன் பண்ணான்," என்றார். "அவன்கிட்ட ஒரு விஷயம் எனக்குப் புடிச்சிருக்கு. புல்லை ஒழிக்கப்போறேன்னு நேராச் சொல்றான். உங்க ஆளுங்க அதைக் காப்பாத்தறேன்னு சொல்லிக்கிட்டே அது மேல காரை ஏத்தறாங்க."

"சரி. நீ கையெழுத்துப் போடுவியா, மாட்டியா? அதைச் சொல்லு."

"விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. வந்து சாப்பிடறேன்."

"எல்வின்!"

"பந்தலை முத்தத்துல போட்டுக்கச் சொல்லு. காரை எல்லாம் கன்னு போடாத கிடாரிங்க மேயற கொல்லையில விடு. காஞ்ச தரை, வாசல் அகலம்."

"கிடாரிங்களை எங்க கட்டுவே?"

"எதுக்குக் கட்டணும்? அதுங்க யாரையும் முட்டாது."

சனிக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. பாஸ்டனிலிருந்து வந்த கார்கள் வரிசையாகக் கொல்லைக்குள் நுழைந்தன. அறக்கட்டளைச் சட்டை போட்ட தொண்டர்கள் கையைக் காட்டிக் காட்டி நேர்க்கோட்டில் நிறுத்தவைத்தார்கள். எல்வின் சொன்னது உண்மைதான். கிடாரிகள் யாரையும் முட்டவில்லை. அவை காரை நக்கின. சாலையில் பனி கரைக்கப் போட்ட உப்பு கோடையிலும் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் போலிருக்கிறது. முதலில் சக்கரங்களை, பிறகு கதவுகளை, பிறகு மேலே எட்டிய வரை முழுவதையும், உப்புத்தாள் போன்ற நாக்கால் நிதானமாக நக்கின. ஒன்று கண்ணாடி துடைக்கும் பட்டையைப் பிடுங்கி மென்றுகொண்டிருந்தது. இன்னொன்று பக்கவாட்டுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, அதில் கழுத்தைத் தேய்த்து, அதை மடக்கிவிட்டது.

"எல்வின், அந்தக் கிடாரிங்களைக் கொஞ்சம் ஓட்டுங்களேன்!" என்று ஜோசலின் ஓடிவந்தாள். "மிஸ்டர் ஓகில்வி காரு போன வாரம்தான் வாங்கினது!"

"அது அதுங்க எடம்மா," என்றார் எல்வின், தட்டில் பீன்ஸ் போட்டுக்கொண்டே. "உங்க விருந்தாளிங்க வந்து எறங்கியிருக்காங்க. அதுங்க என்ன பண்ணும்?"

சாலையோரத்தில் லோர்னா தொலைநோக்கியை நிறுத்தி, வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கவைத்தாள். பெரும்பாலோர் ஒரு நொடி பார்த்துவிட்டு "அழகு" என்று சொல்லி, சாலட் பக்கம் போனார்கள். ஓகில்வி மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து, கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை. ஓர் ஆண் பறவை வேலிக் கம்பத்திலிருந்து எழும்பி, தகர டப்பாவில் கோலிக் குண்டுகளை உருட்டுவது போன்ற அந்த விசித்திரமான பாட்டைப் பாடிக்கொண்டே புல்லுக்கு மேல் மிதந்து போயிற்று.

"அந்த ஓரத்துல மட்டும் புல்லு ஏன் கட்டையா இருக்கு?" என்று கேட்டார்.

பேனர் கட்டவில்லை. லோர்னா கட்டவிடவில்லை.

"தப்பா அறுத்துட்டோம்," என்றாள். "உங்க காரை நிறுத்தறதுக்கு."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "எனக்கா?"

"உங்களுக்கும்தான். பஸ்ஸுல ஏற மாட்டீங்கன்னு சொன்னாங்க."

"யாரும் என்னைக் கேக்கலையே!" என்றார் ஓகில்வி. அவர் குரலில் இருந்த எரிச்சலைக் கேட்டபோது அன்று முதன்முறையாக லோர்னாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பந்தலில் ஏலம் நடந்தது. வருஷா வருஷம் ஏலத்துக்கு வருகிற அதே சிறு படகு இந்த வருஷமும் வந்திருந்தது. அது ஒழுகும். எடுப்பவர் பெருந்தன்மையோடு அடுத்த வருஷம் அதையே நன்கொடையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார், இதுதான் வழக்கம். எல்வின் கையைத் தூக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த வருஷம் திரும்பி வராது என்றும், ஓட்டையை அடைத்துக் கிடாரிகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைக்கப்போவதாகவும் அவர் சொன்னபோது கைதட்டல் கொஞ்சம் தடுமாறியது.

பிறகு வின்ஸ்லோ ஒப்பந்தத்தை மேசையில் விரித்தார். எல்வின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். சாவகாசமாக வாசித்தார். பந்தலில் பேச்சு அடங்கியது. லோர்னா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பக்கம் வந்ததும் அவர் பேனாவைத் திறந்து, கையெழுத்துக் கோட்டுக்கு மேலே இருந்த இடைவெளியில் எதையோ எழுத ஆரம்பித்தார்.

"எல்வின், அதுல கையால எல்லாம் எழுதக் கூடாது—"

"வக்கீல் நீங்க. சரிப்படுத்திக்குவீங்க." எழுதி முடித்து, தாளைத் திருப்பி வின்ஸ்லோ பக்கம் தள்ளினார். "படிங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

வின்ஸ்லோ தொண்டையைச் செருமினார். "மே மாதம் முதல் தேதியிலிருந்து ஜூலை மாதக் கடைசி வரை இந்தப் புல்வெளிக்குள் ஒருவரும் இறங்கக் கூடாது. வண்டி, பந்தல், கூட்டம் எதுவும் கூடாது. இது அறக்கட்டளைக்கும், அதன் கமிட்டிகளுக்கும், அவர்கள் அழைத்து வருகிறவர்களுக்கும் பொருந்தும்."

"நமக்கேவா?" என்றாள் ஜோசலின். "காப்பாத்தறவங்களே நாமதானே!"

"வீடு கட்டறவனைத் தடுக்கறதுக்கு மத்த பக்கமெல்லாம் இருக்கும்மா," என்றார் எல்வின். "இந்த நாலு வரி உங்களுக்கு. இது இருந்தா நான் போடறேன். இல்லேன்னா சாப்பாட்டுக்கு ரொம்ப நன்றி."

"நிர்வாகக் குழு கூடிப் பேசி, ஒரு மாசத்துல—" என்றார் ஒருவர்.

"குழு முழுக்க இங்கதான் தின்னுக்கிட்டிருக்கு," என்றாள் லோர்னா. குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "வின்ஸ்லோ, எழுதிக்குங்க. நான் முன்மொழியறேன்."

வின்ஸ்லோ சுற்றிப் பார்த்தார். "வழிமொழிபவர்?"

பல் மருத்துவர் திருத்தம் எதுவும் உண்டா என்று யோசிப்பதுபோல் மேலே பார்த்தார். கொல்லையிலிருந்து ஒரு காரின் அபாய மணி அலறத் தொடங்கியது. ஏதோ கிடாரி கதவில் சாய்ந்திருக்க வேண்டும். ஜோசலின் அந்தத் திசையைப் பார்த்தாள். வெயிலில் உருகிக்கொண்டிருந்த சாலட்டைப் பார்த்தாள். புல்வெளியின் ஓரத்தில் கட்டையாகத் தெரிந்த அந்தப் பட்டையை, அன்று காலையிலிருந்து முதன்முறையாக, சற்று நேரம் பார்த்தாள்.

"நான் வழிமொழியறேன்," என்றாள். "வழிமொழியறேன், போதுமா? சாமி, முதல்ல இதை முடிங்க!"

கைகள் உயர்ந்தன. வின்ஸ்லோ அந்த நான்கு வரிகளின் ஓரத்தில் தன் முதலெழுத்துகளைப் போட்டார், எல்வினும் போட்டார். பிறகு எல்வின் கோட்டின் மேல், பெரிய எழுத்தில், அவசரமில்லாமல் கையெழுத்திட்டார். லோர்னா தூணை விட்டாள். அப்போதுதான் அதன் சொரசொரப்பு உள்ளங்கையில் பதிந்திருந்தது தெரிந்தது.

"அடுத்த வருஷம் மாதா கோயில்லேருந்து பஸ் விட்டா என்ன?" என்று ஜோசலின் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்கு இப்பத்தான் தோணுச்சு."

அதற்குள் புகைப்படம் எடுக்க எல்லாரும் சாலையைக் கடந்து, புல்வெளி பின்னால் தெரிய வேண்டும் என்று திறந்திருந்த வாயிலுக்கு முன்னால் கூடிவிட்டார்கள். நடுவில் எல்வின், கையில் ஒப்பந்தம். இரண்டு பக்கமும் அறக்கட்டளைச் சட்டைகள். படம் எடுப்பவர் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டே கையை அசைத்தார்.

"எல்லாரும் படத்துல வரலை. கொஞ்சம் பின்னாடி போங்க. இன்னும் கொஞ்சம். அந்தப் புல்லுக்குள்ள ரெண்டடி—"

வரிசை முழுவதும் சிரித்த முகத்தோடு பின்னால் நகர்ந்தது. வின்ஸ்லோவும் நகர்ந்தார்.

எல்வின் மட்டும் நகரவில்லை. லோர்னாவைப் பார்த்தார். இந்த முறையும் அவர் குரல் கொடுக்கப்போவதில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

லோர்னா ஓடினாள். பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது வண்டிகளை மறித்து நிற்பாளே, அதே மாதிரி இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு அவர்களுக்கும் புல்லுக்கும் நடுவே போய் நின்றாள்.

"வெளிய!" என்றாள். "எல்லாரும் வெளிய. நீங்களும்தான், தலைவரே."